ஏணியில் எத்தனையாம் படி?

போன நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு சின்ன விளையாட்டு விளையாடிப் பார்த்தேன். எதிர்ப்பட்டவர்களிடம் ஒரே கேள்வி. "ஒரு ஏணியை நினைச்சுக்கொள்ளுங்கோ. அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சிப்படி, மிக மோசமான வாழ்க்கை அடிப்படி. இப்ப நீங்கள் எத்தனையாம் படியில நிக்கிறியள்?"

யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏணி எண்டால் சாத்துறதுக்கு ஒரு சுவர் வேணுமெல்லே தம்பி? ஆற்றை சுவரில சாத்தியிருக்கு?" என்றார். யாருடைய சுவர் என்று எனக்கும் தெரியவில்லை. நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும், "சரி, ஆறு எண்டு போடு" என்றார். ரொறன்ரோவிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த மச்சான் "ஏழு" என்றான். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ விடும் தம்பி, முப்பது வயதுகூட இல்லை, "நாலு" என்றான். ஆச்சியின் வருமானம் அவனுடைய வருமானத்தில் பாதிகூட வராது.

காசு கூடினால் சந்தோஷம் கூடும் என்பது நேர்க்கோட்டுக் கணக்கு என்றால், ஆச்சிக்கும் ஓட்டோத் தம்பிக்கும் இலக்கம் மாறி வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? பொருளியலாளர்கள் ஐம்பது வருடமாக மல்லுக்கட்டும் கேள்வி இது. ஆச்சி கேட்ட சுவர்க் கேள்விக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏணி என் கண்டுபிடிப்பு இல்லை. ஹாட்லி கன்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் பயன்படுத்திய கேள்வி அது. இன்று காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 140க்கும் மேற்பட்ட நாடுகளில், நாட்டுக்கு வருடம் சுமார் 1,000 பேரிடம் இதைக் கேட்கிறது. மூன்று வருடப் பதில்களின் சராசரிதான் ஒவ்வொரு மார்ச்சிலும் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை. வருமானம், ஆயுட்காலம், ஊழல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டித்தான் அந்தப் பட்டியல் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவை, ஒரு நாடு ஏன் இந்தப் படியில் நிற்கிறது என்று பிறகு விளங்கிக்கொள்ள எடுத்துப் பார்ப்பவை. படியைச் சொல்வது மக்கள் மட்டும்.

மூன்று வேறு சாமான்கள்

வருமானம், அபிவிருத்தி, மகிழ்ச்சி. பேச்சில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்க்கலாம்.

நாட்டின் வருமானத்தைச் சொல்ல வழமையாக எடுப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒரு வருடத்தில் நாட்டுக்குள் உற்பத்தியான பொருட்கள், சேவைகள் அனைத்தின் பெறுமதி. இதில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. மச்சான் மாதாமாதம் தாய்க்கு அனுப்பும் காசு இந்தக் கணக்கில் சேராது, ஏனென்றால் அது இங்கே உற்பத்தியானது இல்லை. அந்தக் காசில் மாமி மதில் கட்டினால் மேசனின் கூலி சேரும். அதேபோல அம்மம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் கணக்கில் ஒரு சதமும் ஏறாது. பிள்ளையைக் காசு கட்டிப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால் ஏறும். தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் வடிவமைத்த சைமன் குஸ்னெட்ஸே, ஒரு நாட்டின் நல்வாழ்வை இதை வைத்து எடைபோட முடியாது என்று 1934 இல் எச்சரித்துத்தான் கொடுத்தார். கணக்கை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அபிவிருத்தி என்பது அதைவிட அகலம். பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் துணையோடு உருவாக்கிய மனித அபிவிருத்திச் சுட்டி 1990 இல் ஐக்கிய நாடுகள் அறிக்கையாக வெளிவந்தது. அது மூன்றைப் பார்க்கும்: எவ்வளவு காலம் வாழ்கிறோம், எவ்வளவு படிக்கிறோம், எவ்வளவு வருமானம். இதில் இலங்கை நல்ல பிள்ளை. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியும் காசில்லாமல் மருந்து தரும் அரச ஆஸ்பத்திரிகளும் எங்களை வருமானத்துக்கு மீறிய உயரத்தில் வைத்திருக்கின்றன. சராசரி ஆயுள் 75ஐத் தாண்டிவிட்டது. சுட்டியில் எங்கள் இடம் 'உயர்ந்த' பிரிவில்.

இன்னொன்று. 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடு என்று தரம் உயர்த்தியது. 2020 ஜூலையில் திரும்பக் கீழே இறக்கியது. இடையில் ஒரு வருடம் நாங்கள் மேல்தட்டு நடுத்தரத்தில் இருந்தோம். யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஈஸ்டர்லினின் புதிர்

1974. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்த அதே வருடம், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டது இரண்டு விஷயம். ஒரு நாட்டுக்குள் எடுத்துப் பார்த்தால் பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் பல வருடமாகப் பணக்கார நாடாகிக்கொண்டு போகும்போது, நாட்டின் சராசரி மகிழ்ச்சி கூடவே ஏறவில்லை. பிறகு அவர் காட்டிய ஜப்பான் உதாரணம் இன்னும் பிரபலம்: 1958க்கும் 1987க்கும் இடையில் ஆள்வீத உண்மை வருமானம் ஐந்து மடங்கானது, மகிழ்ச்சி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது.

ஐந்து மடங்கு. வீட்டில் ஒரு சைக்கிள் நின்ற இடத்தில் கார் நிற்கிறது, ஆனால் மனம் அதே வாசலில் குந்திக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2008 இல் பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் இருவரும் கூடுதலான நாடுகளின் தரவை எடுத்து, பணக்கார நாடுகள் மேல்படியில்தான் நிற்கின்றன, வளர்ச்சியோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது என்று வாதிட்டார்கள். அவர்களின் வாதத்தில் ஒரு சாவி இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்: காசை ரூபாயில் எண்ணாமல் மடங்கில் எண்ண வேண்டும்.

மாதம் 40,000 ரூபாய் எடுக்கும் ஒருவருக்கு மேலதிகமாக 40,000 கிடைத்தால் என்ன நடக்கும்? அடகில் இருக்கும் சங்கிலி வீட்டுக்கு வரும், பிள்ளையின் ரியூஷன் காசு நிலுவை தீரும், கூரைத் தகரம் மாறும். மாதம் நாலு லட்சம் எடுப்பவருக்கு அதே 40,000 கிடைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முதலாமவர் ஏறிய அளவு இவரும் ஏற வேண்டுமென்றால் இன்னொரு நாலு லட்சம் வேண்டும். இரண்டு பேருக்கும் வருமானம் இரட்டித்தால்தான் ஏணியில் ஏறக்குறைய ஒரே அளவு ஏற்றம். ஆகவே காசு எந்த இடத்திலும் பயனற்றுப் போவதில்லை. மேலே போகப்போக ஒரு படியின் விலை கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான்.

இதற்குள் ஒரு சுவையான சண்டையும் நடந்தது. 2010 இல், ஏற்கெனவே 2002 இல் நோபல் பரிசு பெற்றிருந்த டானியல் கானமனும், பிறகு 2015 இல் நோபல் பெற்ற அங்கஸ் டீற்றனும் அமெரிக்கர்களின் 4,50,000க்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்து, வருட வருமானம் சுமார் 75,000 டொலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை அதற்கு மேல் உயர்வதில்லை என்றார்கள். (ஏணிப் படி தொடர்ந்து ஏறுகிறது என்றும் சொன்னார்கள். செய்தி எழுதியவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.) 2021 இல் மத்தியூ கிலிங்ஸ்வேர்த் கைத்தொலைபேசிச் செயலி மூலம் நாளுக்குப் பல தடவை ஆட்களின் மனநிலையைக் கேட்டு, அப்படி ஒரு தடுப்புச் சுவரே இல்லை என்றார். வழமையாக இந்த இடத்தில் ஆளுக்கொரு மேடை போட்டுத் திட்டிக்கொள்வார்கள். கானமனும் கிலிங்ஸ்வேர்த்தும் அப்படிச் செய்யவில்லை. பார்பரா மெல்லர்ஸ் என்ற ஆய்வாளரை நடுவராக வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து தரவைத் திரும்பப் பார்த்தார்கள். 2023 இல் வந்த முடிவு: பெரும்பாலானோருக்குக் காசோடு மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டே போகிறது. மிகவும் துயரத்தோடு இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஓரளவுக்கு மேல் காசு உதவுவதில்லை. பிரிவு, இழப்பு, மனச்சோர்வு போன்றவற்றைக் காசு ஓரளவுக்குத்தான் ஆற்றும்.

அந்த ஓரளவும் இல்லாதவர்களின் நிலையைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கானமனும் டீற்றனும் கண்ட இன்னொன்று, நோயோ தனிமையோ விவாகரத்தோ வரும்போது வறியவர்களுக்கு அதே அடி கூடுதலாக வலிக்கிறது என்பது. நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்குப் பல்வலி வந்தால் என்ன? அரச ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசு கேட்பதில்லை. ஆனால் விடிய எழும்பி பஸ் பிடித்து வரிசையில் நின்று திரும்ப மத்தியானம் கடந்துவிடும், அன்றைய கூலி போச்சு. கூலி போகக்கூடாதென்று வலியைப் பொறுத்துக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போவார். ஐந்தாம் நாள் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு தனியார் வைத்தியரிடம் போய் இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு வருவார். "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று இவருக்குச் சொல்லும் ஆளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதைச் சொல்பவர் பெரும்பாலும் வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார்.

ஜாம் போத்தல் விளக்கு

அப்படியென்றால் ஜப்பானில் ஏன் ஏறவில்லை? பொதுவாக இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, பழகிப்போதல்.

இதை விளக்க லொத்தர் விழுந்தவர்களைப் பற்றிய 1978 ஆம் ஆண்டு ஆய்வை எடுப்பது வழக்கம். லொத்தர் விழுந்தவர்கள் 22 பேர் மட்டுமே இருந்த ஆய்வு அது, அதன்மேல் பெரிய பாரம் ஏற்ற முடியாது. எங்களுக்கு அதைவிட நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது.

போரால் 1990இலிருந்து வருடக்கணக்கில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் மங்கும். பிறகு ஒருநாள் கரண்ட் வந்தது. பல்ப் எரிந்த அந்த இரவு அம்மா சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். அன்று யாராவது ஏணியோடு வந்து கேட்டிருந்தால் ஒழுங்கையில் அத்தனை பேரும் பத்து என்றிருப்போம்.

அந்தப் பத்து எத்தனை நாள் நின்றது? ஒரு மாதம் நின்றிருக்குமா? 2022 மார்ச் கடைசியில், நாடே கவிழ்ந்த நேரம், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஜாம் போத்தலோடு வருடக்கணக்காக இருந்தவன்தான் நான். 13 மணித்தியாலம் போக மிச்சம் 11 மணித்தியாலம் கரண்ட் இருக்கிறதே என்று ஒரு நிமிடமாவது மகிழ்ந்தேனா? இல்லை. வந்த வசதி கொஞ்ச நாளில் தரையாகிவிடுகிறது. தரைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, இடிந்தால் மட்டும் கத்துவோம்.

ஆற்றை சுவர்?

இரண்டாவது காரணம் ஒப்பீடு. ஆச்சியின் சுவர்.

1998 இல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே இருவரும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவில் இருந்தவர்களிடம் கேட்ட கேள்வி: மற்றவர்கள் 25,000 டொலர் எடுக்கும் உலகத்தில் நீங்கள் 50,000 எடுப்பது நல்லதா, மற்றவர்கள் 2,00,000 எடுக்கும் உலகத்தில் நீங்கள் 1,00,000 எடுப்பது நல்லதா? விலைவாசி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏறக்குறையப் பாதிப்பேர் முதலாவதைத் தெரிவுசெய்தார்கள். கையில் பாதிக் காசு போனாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டானுக்கு மேலே நின்றால் போதும். விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது இந்தப் புத்தி அவ்வளவாக இல்லை. லீவு வெளியே தெரிவதில்லை, வீடும் காரும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இதை விளக்க ஆராய்ச்சி தேவையில்லை, மதிலின் உயரத்தைப் பார்த்தால் போதும். ஆனால் எங்களிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் பக்கத்து வீட்டான் பக்கத்து வீட்டில் இருப்பான். எங்கள் பக்கத்து வீட்டான் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கிறான். இது புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசில் வளர்ந்த ஊரை 'மணியோடர் பொருளாதாரம்' என்றே சொல்வார்கள். அன்றைக்கு மலாயாக்காரரின் சீவியம் கடிதத்தில் வரும், மாதத்துக்கு ஒரு தடவை. இன்றைக்கு வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காலை, மதியம், இரவு.

ஓட்டோத் தம்பியிடம் ஏன் நாலு என்று கேட்டேன். "அண்ணை, என்னோட படிச்ச பெடியள்ல பாதிப்பேர் வெளியில. நான் இஞ்ச நிண்டு கோயிலுக்கு வாற அவங்களை ஏத்தி இறக்கிறன்" என்றான். அவன் ஏணி சாத்தியிருப்பது ரொறன்ரோச் சுவரில்.

மச்சானைத் தனியே பிடித்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இஞ்ச நிண்டு சொன்னதால ஏழு. அங்க கேட்டிருந்தா அஞ்சு எண்டிருப்பன்" என்றான். அங்கே அவனுக்கு வீட்டுக்கடன், இரண்டு வேலை, தன்னைவிடப் பெரிய வீடு வாங்கிய சகலன். இங்கே இறங்கியதும் டொலர் ரூபாயாகப் பெருகி, ஆள் இரண்டு படி ஏறிவிடுகிறான். அவனிடம் இரண்டு சுவர் உண்டு, விமான ரிக்கெற்றும் உண்டு.

ஆச்சியின் சுவர் எது? "95 இடப்பெயர்வு ராத்திரி மழைக்குள்ள, ஒரு கையில பிள்ளை, மற்றக் கையில பை, நாவற்குழிப் பாலத்தில அசையேலாமல் நிண்டனான். அதோட பாத்தா ஆறு கூடத்தான்" என்றார். 1995 ஒக்டோபர் 30. அந்த இரவு அவருடைய பூச்சியம்.

இலங்கை ஏன் இவ்வளவு கீழே?

2025 அறிக்கையில் 147 நாடுகளில் இலங்கை 133 ஆவது. பின்லாந்து எட்டாவது வருடமாக முதலிடம், கிட்டத்தட்ட 7.7. நாங்கள் 3.9. எங்களைவிட ஆள்வீத வருமானம் பாதியும் வராத நேபாளம் 92 ஆவது இடத்தில். இந்தியா 118. அமெரிக்கா 24க்கு இறங்க, அதைவிட எவ்வளவோ சின்ன வருமானமுள்ள கொஸ்ராரிக்கா ஆறாவது இடத்தில். வருமானமும் படிப்பும் ஆயுளும் இலங்கையை நேபாளத்துக்கு மேலே வைக்கின்றன. மக்களின் வாய் கீழே வைக்கிறது.

ஒரு பங்கு 2022. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. சம்பளம் அதே, சாமான் அதே, காசின் பெறுமதி மட்டும் கண்ணுக்கு முன்னால் உருகியது. கிடைக்காமல் போனதைவிட கிடைத்தது பறிபோவது கூடுதலாக நோகும். என் சொந்தக் கணிப்பு, மிச்சப் பங்கு படிப்பிலும் இருக்கிறது. படித்த நாட்டுக்கு உலகத்தின் உச்சிப்படி எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். ஓட்டோத் தம்பிக்கும் தெரியும், ஏலெவல் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தி.

தரவரிசையை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2024 இல் நாங்கள் 128, 2025 இல் 133. "ஐந்து இடம் சரிவு" என்று செய்தி வந்தது. புள்ளி இரண்டு வருடமும் அதே 3.9 தான். நாங்கள் நின்ற படியிலேயே நின்றோம், அக்கம்பக்கத்து நாடுகள் கொஞ்சம் அசைந்தன, பட்டியலில் புதிதாகச் சில நாடுகளும் சேர்ந்தன. இடத்தைப் பார்க்காமல் புள்ளியைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சொல். ஏணி அளப்பது திருப்தியை. "நேற்றுச் சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா" என்று கேட்டால் கிடைப்பது சந்தோஷம். எங்கள் சனம் உண்மையில் பேசுவது இரண்டையும் இல்லை, நிம்மதியை. "காசு இருக்கு, நிம்மதி இல்லை" என்றுதான் செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் கேட்கிறோம். 2022 அறிக்கையில் இதற்கென்று ஓர் அத்தியாயமே போட்டார்கள், மன அமைதியையும் சமநிலையையும் பற்றி. அமைதி கீழைத்தேசத்துச் சொத்து என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களுக்கு அதில் ஒரு குட்டு இருக்கிறது. அங்கேயும் பணக்கார மேற்கு நாடுகள்தான் முன்னுக்கு நின்றன.

திருவிழா முடிந்த கிழமை ஆச்சியிடம் திரும்பப் போனேன். ஏணியை எடுக்கவில்லை. "நிம்மதியா இருக்கிறியளோ ஆச்சி?" என்று மட்டும் கேட்டேன். கடகத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒரு சொத்தைக் கத்தரிக்காய் கிடந்தது. "பத்து மணிக்கு முந்தியே முடிஞ்சுது. இதை நீ கொண்டு போ, காசு வேண்டாம்."